டிராங்குபார் பள்ளம்

காவிரிப் படுகையின் எண்ணெய் வரைபடத்தை முதன்முதலாக விரித்தபோது என் கண் தரங்கம்பாடியைத்தான் தேடியது. கும்பகோணத்துக்குக் கிழக்கே, காரைக்காலுக்கு வடக்கே, கரையைத் தாண்டிக் கடலுக்குள்ளும் நீண்டு கிடந்தது ஒரு பெரிய பள்ளம். அதன் மேல் ‘டிராங்குபார்’ என்று எழுதியிருந்தார்கள். பேருந்துப் பலகையிலும் தாலுகா அலுவலக வாசலிலும் தரங்கம்பாடி என்றே படித்துப் பழகிய எனக்கு, என்றோ ஊரைவிட்டுப் போன ஒருவரை வேறு ஊர்ச் சந்தையில் பார்த்தது போலிருந்தது. மண்ணுக்கு மேலே வழக்கொழிந்த பெயர் மண்ணுக்கு அடியில் இன்னும் புழங்குகிறது. அது எப்படி அங்கே போயிற்று என்று தேடப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மேலே உள்ள ஊரிலிருந்து தொடங்குவோம். தரங்கம்பாடிக் கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும், குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. தரங்கம் என்ற சொல் அங்கே இல்லை. தரங்கம் வடமொழியில் அலை. ‘அலைகள் பாடும் ஊர்’ என்று சுற்றுலாப் பலகைகள் சொல்லும் அழகான விளக்கம் இதை வைத்துக் கட்டியதுதான். கரையில் நின்று கேட்டால் யாருக்கும் அதை நம்பத் தோன்றும். ஆனால் பெயரின் பின்பாதி பாட்டுப் பாடவில்லை. பாடி என்பது ஊர், குடியிருப்பு, படை தங்கிய இடம். ஆயர்பாடியில் இருப்பதும் அதே பாடி. ராஜராஜன் வென்ற கங்கபாடியிலும் நுளம்பபாடியிலும் அது ஒரு நாட்டையே குறிக்கும் அளவுக்கு விரிந்தது. ஆக, சடங்கன் என்று பெயர் கொண்ட யாரோ ஒருவனின் குடியிருப்பு, காலப்போக்கில் ‘ச’ தேய்ந்து ‘த’ ஆகி, அலையோசையின் துணையோடு தரங்கம்பாடி ஆயிற்று என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான்: பழைய பொருள் மறந்த பிறகு, காதுக்கு இனிய புதுப் பொருளைத் தேடிக்கொள்ளும்.

1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டார். ஓவே கெட்டே என்ற கடற்படைத் தலைவர் வந்து இறங்கி, கரையில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். ஊர்ப்பெயர் டேனிஷ் ஏடுகளில் ட்ராங்கெபார் ஆனது. முதல் உயிர் விழுந்தது, ‘ம்பா’ மெலிந்து ‘பா’வாக நின்றது. இவை எந்த வெளிநாட்டு நாவிலும் நடப்பவை. கடைசியில் உள்ள ‘டி’ மட்டும் கவனிக்க வேண்டியது. நம் நாவை மேலண்ணத்தில் மடித்துச் சொல்லும் அந்த ஒலி ஐரோப்பியக் காதில் ‘ர்’ என்று விழுந்தது. தூத்துக்குடியின் ‘குடி’ டூட்டிகொரினில் ‘கொரி’ ஆனதும் இதே வழியில்தான். சோழமண்டலத்தின் ழகரம் கோரமண்டலில் ரகரமானதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பாடி ‘பார்’ ஆனது தவறான உச்சரிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டவன் தன்னிடம் இருந்த எழுத்துகளில் மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

லுத்தரன் போதகர் சீகன்பால்கு 1706இல் வந்தார், அச்சுக்கூடம் வந்தது, தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அந்தக் கதை பலரும் அறிந்தது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையும் ஊரும் கைமாறியபோது பெயரும் கூடவே கைமாறியது. ஆங்கிலேய நில அளவை வரைபடங்களில் டிராங்குபார் என்று உட்கார்ந்துகொண்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களின் பிற்பகுதியில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் காவிரிப் பகுதியில் ஆய்வைத் தொடங்கியது. நிலவியலாளர்கள் கையில் இருந்தவை அந்தப் பழைய எழுத்துக்கூட்டலோடு கூடிய வரைபடங்கள்தாம். புவியீர்ப்பு, காந்தம், நில அதிர்வு அளவைகளை வைத்து அவர்கள் கண்டது, தஞ்சைச் சமவெளிக்கு அடியில் சமவெளியே இல்லை என்பதை. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடும் பள்ளங்களும், அவற்றைப் பிரிக்கும் பாறை முகடுகளும் மாறி மாறிப் புதைந்து கிடந்தன. சில பள்ளங்களில் ஐந்து, ஆறு கிலோமீட்டர் தடிமனுக்கு வண்டல் இறுகிப் பாறையாகி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே இருந்த ஊரின் அல்லது கடற்பகுதியின் பெயரைச் சூட்டினார்கள். அரியலூர்–பாண்டிச்சேரி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், பாக் விரிகுடா, மன்னார் என்று துணைப்படுகைகள் வரிசையாக வந்தன. டிராங்குபார் அதில் ஒன்று. அதற்கும் அரியலூர்ப் பள்ளத்துக்கும் நடுவே கும்பகோணம்–மாதானம் முகடு. அதற்கும் நாகப்பட்டினத்துப் பள்ளத்துக்கும் நடுவே காரைக்கால் முகடு.

இந்த நிலத்தடிப் பட்டியலில் டிராங்குபார் தனியாக இல்லை. பரங்கிப்பேட்டை, போர்த்துக்கீசியர் ‘புதிய துறைமுகம்’ என்று வைத்த பெயரில் போர்ட்டோநோவோ களிப்பாறையாகக் கிடக்கிறது. சீர்காழி, ஆங்கிலேயர் எழுதிய ஷியாலியாக ஒரு களிக்கல் அடுக்கின் பெயரில் நிற்கிறது. இன்னும் தெற்கே போனால் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் பிரிக்கும் நிலத்தடி முகட்டுக்கு மண்டபம்–டெல்ஃப்ட் என்று பெயர். டெல்ஃப்ட் வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நெடுந்தீவு. டச்சுக்காரர்கள் தங்கள் ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என்று இந்தக் கரைக்கு வந்துபோன எல்லாரும் அடியில் ஆளுக்கொரு பாறையில் பெயரை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஏன் மாற்றவில்லை? நிலவியலில் ஒரு மரபு உண்டு. ஒரு பாறை அடுக்கை முதலில் முறையாக விவரித்தவர் எந்த ஊரின் பெயரை வைத்தாரோ அதுவே நிற்கும். ஊரின் பெயர் பிறகு மாறினாலும் பாறையின் பெயர் மாறாது. ஆய்வேடுகள் ஒன்றையொன்று தொடர்ந்து பேச வேண்டும் என்பதற்காக வைத்த ஒழுங்கு இது. இதற்கு இங்கே 1862லேயே வழி போட்டவர் பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காகத் திருச்சி, தென்னார்க்காடு பகுதியில் வெயிலில் நடந்து, நிலத்துக்கு மேலே தெரியும் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். திருச்சிராப்பள்ளி அவர் கையில் ட்ரிச்சினாபொலி ஆனது. இன்றும் உலகில் எங்கே ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் அது ட்ரிச்சினாபொலித் தொகுதிதான்.

அந்தப் பாறைகளைப் பார்க்க வேண்டும் என்றால் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போக வேண்டும். காரைக்கால் வேறு, காரை வேறு. செம்மண்ணும் மஞ்சளும் பச்சையும் கலந்த களிமேடுகளை மழை ஆயிரம் ஓடைகளாக அறுத்து வைத்திருக்கிறது. நடந்தால் காலடியில் ஏதோ கண்ணாடி நொறுங்குவது போல் சத்தம் கேட்கும், அது ஜிப்சம். குனிந்து தேடினால் சுண்டுவிரல் பருமனில், ஒரு முனை கூராக, தேன் நிறத்துக் கல் ஒன்று கிடைக்கும். பெலம்னைட் என்ற, கணவாய்க்கு உறவான கடல் உயிரின் உள்ளெலும்பு அது. உள்ளங்கையில் வைத்தால் எடை தெரியும், வெயிலில் பிடித்தால் ஓரம் ஒளி விடும். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இந்தக் களி படிந்துகொண்டிருந்த அதே காலத்தில், கிழக்கே ஆழக் கடலில் கருங்களியாகப் படிந்து புதைந்துபோனதைத்தான் எண்ணெய்க்காரர்கள் சட்டபாடி களிப்பாறை என்கிறார்கள். காவிரிப் படுகையின் எண்ணெய்க்கு முக்கியமான தாய்ப்பாறைகளில் ஒன்று அது. இறந்த கடலுயிர்களும் கரையிலிருந்து வந்த இலைதழையும் அதில் மட்கி, மேலே விழுந்த சுமையின் சூட்டில் மெல்ல வெந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் கசிந்தன.

சட்டபாடி எந்த ஊர்? புவனகிரி வட்டத்துச் சாத்தப்பாடி. இங்கேயும் பாடி! சாத்தன் என்பது ஐயனாருக்கும் பெயர், பழைய நாளில் ஆட்களுக்கும் பெயர். சாத்து என்றால் வணிகக் கூட்டம். சாத்தனின் பாடி என்று பிரிப்பதே இயல்பு. பெரம்பலூர்ப் பக்கம் கல்லாகிப்போன பதினெட்டு மீட்டர் அடிமரம் கிடக்கும் ஊரும் சாத்தனூர்தான். எண்ணெய் பிறந்த பாறையும் எண்ணெய் தேடும் பள்ளமும் ஒரே ‘பாடி’யில் முடிகின்றன என்பதை ஆங்கில எழுத்துக்கூட்டலில் படிக்கிறவர் ஒருநாளும் காணமாட்டார். ஒன்று ‘பாடி’ என்றும் மற்றது ‘பார்’ என்றும் எழுதப்பட்டிருக்கிறதே.

துளைக்கருவி இறங்கும் வழியிலேயே மற்ற பெயர்களையும் பார்த்துவிடலாம். எல்லாக் கிணற்றிலும் எல்லா அடுக்கும் இருக்காது. ஆனாலும் பொதுவில் மேலிருந்து கீழே வரிசை இப்படி: காரைக்கால் களிப்பாறை, கமலாபுரம், போர்ட்டோநோவோ, நன்னிலம், குடவாசல், புவனகிரி, சாத்தப்பாடி, கடைசியில் ஆண்டிமடம். காரைக்காலில் பேருந்து ஏறி உள்நாட்டுக்குப் போகிறவர் கேட்கும் நடத்துநரின் குரல் போலவே இருக்கிறது. நன்னிலம், பெயரிலேயே நல்ல நிலம்; தேவாரம் பாடப்பட்ட ஊர். அந்தப் பெயர் கொண்ட அடுக்கின் மணற்கற்களில்தான் பல இடங்களில் எண்ணெயும் வாயுவும் தேங்கியிருக்கின்றன. குடவாசல், சங்க இலக்கியத்தில் குடவாயில். குடக்கு என்றால் மேற்கு, குடவாயில் மேற்கு வாசல். அந்த ஊரிலிருந்து கீரத்தனார் என்ற புலவர் பாடினார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை நமக்குப் பெருமை. அதே ஊருக்கு அடியில் அதன் பெயரில் கிடக்கும் களிப்பாறைக்கு வயது எட்டு கோடி ஆண்டுக்கும் மேல்.

இவ்வளவுக்கும் மேலே போர்த்திய பெரிய பெயர் காவிரிப் படுகை. சொல்லாராய்ச்சியில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். கோண்டுவானா என்ற பெருநிலம் பிளந்து, இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் விலகத் தொடங்கியபோது, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் திறக்கத் தொடங்கிய பள்ளம் இது. அப்போது காவிரி இல்லை. நாம் இன்று நெல் விதைக்கும் வண்டலைக் காவிரி கொண்டுவந்து போட்டது நேற்று. இந்தப் பள்ளம் புதுச்சேரியிலிருந்து மன்னார் வளைகுடா வரை, காவிரி நீர் ஒரு துளியும் போய்ச் சேராத இடங்களிலும் விரிந்து கிடக்கிறது. தாயின் பெயரைப் பாட்டிக்கு வைத்தது போல.

படுகை என்ற சொல்லுக்கும் ஊரில் வேறு வாழ்வு உண்டு. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே வெள்ளம் ஏறி வடியும் வண்டல் நிலம்தான் டெல்டாக்காரருக்குப் படுகை. வாழையும் மூங்கிலும் கத்தரியும் அங்கே நன்றாக வரும். படு என்றால் விழு, கிட, தங்கு. ஆறு கொண்டுவந்தது படிந்து தங்கிய இடம். நிலவியலைத் தமிழில் எழுதியவர்கள் ஆறு கிலோமீட்டர் ஆழத்துப் பாறைத் தொட்டிக்கும் இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு என்றே சொல்வேன், பொருள் வேரில் ஒன்றுதான். ஆனால் செய்தித்தாளில் ‘காவிரிப் படுகையில் எண்ணெய்’ என்று படிக்கும் விவசாயி தன் வாழைக்கொல்லையை நினைக்கிறார், எழுதியவர் மன்னார் வரைக்கும் நினைக்கிறார்.

அதே கோளாறு ‘வளம்’ என்ற சொல்லில் இன்னும் கூர்மை. கண்டறியப்படாத வளம் என்று எண்ணெய் அறிக்கைகளைத் தமிழாக்குகிறோம். இதன் கணக்கு எப்படிப் போடப்படுகிறது? தாய்ப்பாறை போதுமான சூட்டில் வெந்ததா, கசிந்தது தங்க நுண்துளை உள்ள மணற்கல் உண்டா, மேலே கசிவைத் தடுக்கும் மூடுபாறை உண்டா, அது குமிழாகத் தேங்கும் வளைவோ பிளவோ சரியான காலத்தில் உருவானதா என்று ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு கணிக்கிறார்கள். தெரிந்த வயல்களின் அளவை வைத்துத் தெரியாத வயல்களின் அளவை ஊகிக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் முடிவை ஒற்றை எண்ணாகத் தருவதில்லை. நூற்றுக்கு 95 வாய்ப்பில் இவ்வளவாவது, 50 வாய்ப்பில் இவ்வளவு, 5 வாய்ப்பில் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லி, பிறகு சராசரி தரும். 2011இல் அந்த நிறுவனம் மும்பை, காவிரி, கிருஷ்ணா–கோதாவரி மூன்றிலும் சேர்த்துக் களிப்பாறை வாயு சராசரியாக 6.1 டிரில்லியன் கன அடி எடுக்க வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டது. இந்திய அரசு 2017இல் முடித்த மறுமதிப்பீட்டில் 26 படுகைகளுக்கும் சேர்த்து 4,187 கோடி டன், அதாவது எண்ணெயாகக் கணக்கிட்டால் அவ்வளவு எடை, என்று வந்தது. காவிரிப் படுகைக்கு முன்பு 70 கோடி டன் என்று இருந்தது, 196 கோடியாக ஏறியது. நிலத்தடியில் கிடப்பது இது. கண்டதும் காணாததும் சேர்த்து. மேலே கொண்டுவர முடிவது அதில் ஒரு பங்குதான்.

நம் ஊர்க் களத்தில் இதற்குப் பக்குவமான சொல் இருக்கிறது. பயிர் நிற்கும்போது வரப்பில் நின்று போடுவது மதிப்பு. அடித்துத் தூற்றி மூட்டை பிடித்த பிறகு வருவது கண்டுமுதல். ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல் என்றுதான் கேட்பார்கள். மதிப்பை வைத்து யாரும் கடன் அடைக்க மாட்டார்கள். எண்ணெய்க் கணக்கில் நிரூபிக்கப்பட்ட இருப்பு கண்டுமுதலுக்குப் பக்கத்தில் வரும். கண்டறியப்படாத வளமோ நாற்றங்காலைப் பார்த்துச் சொல்லும் மதிப்பு. இதை ‘வளம்’ என்று மொழிபெயர்த்ததும், வண்டலுக்கும் நீருக்கும் ஊர் வைத்திருந்த சொல் அது என்பதால், இருப்பது உறுதி என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. ‘எதிர்பார்ப்பு’ என்றே எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய். தாளடி அறுத்த வயலிலும் கொல்லையிலும் எள்ளும் உளுந்தும் தெளித்த ஊர்களில்தான் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். முதல் ஆழ்கிணறு 1964இல் காரைக்காலில். நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் 1985இல் எண்ணெய் கிடைத்தது, 1993இல் பனங்குடியில் சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதுவரை ஊருக்குத் தெரிந்த கனிமநெய் சீமெண்ணெய், அதாவது சீமை எண்ணெய். வெளிநாட்டுச் சரக்கு என்பதைப் பெயரே சொன்னது. அது தன் காலடியில் இருந்தும் வரும் என்று தெரிந்தபோது பெயரில் இருந்த ‘சீமை’ பொருளற்றுப் போயிற்று.

பிறகு வந்த சொற்கள் வேறு விதம். மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகை வாயுத் திட்டம் பேசப்பட்டபோது ‘மீத்தேன்’ கிராமத்துச் சொல் ஆனது. அந்தத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தபோதே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இறந்தார். 2017இல் நெடுவாசல் போராட்டத்தில் ‘ஹைட்ரோகார்பன்’ பள்ளிப் பிள்ளைகளின் வாயிலும் புகுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. அது புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுக்குத் தடை விதித்தது. முன்பே நடந்துகொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. இந்தப் போராட்டங்களின் நியாயத்தை நான் எடைபோட வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் கைக்கு வந்த தாள்களில் பள்ளத்தின் பெயரும் பாறையின் பெயரும் அவர்கள் வாயில் நுழையாத வடிவில் இருந்தன. தன் ஊர்ப் பெயரை அடையாளம் காண முடியாத தாளை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன கேள்வி கேட்க முடியும்? 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த ஆணை நின்றிருந்தாலும் பாறைகளை எட்டியிருக்காது. பாறைகளுக்குத் தாசில்தார் கிடையாது. ஆய்வேட்டில் டிராங்குபார் இருக்கட்டும், அதன் மரபு அது. தமிழில் எழுதும்போது தரங்கம்பாடித் துணைப்படுகை, சாத்தப்பாடிக் களிப்பாறை, பரங்கிப்பேட்டைக் களிப்பாறை, மண்டபம்–நெடுந்தீவு முகடு என்று எழுத எந்த விதியும் தடுக்கவில்லை. பாடநூலில் முதலில் எழுத வேண்டும், பிறகு பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குத் தரும் தாள்களில்.

நான் என் வரைபடத்தில் அப்படியே எழுதினேன். பென்சிலால், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில். பந்தநல்லூர்ப் பக்கம் போனபோது அதை மடித்துப் பையில் வைத்திருந்தேன். வயலுக்கு நடுவே கம்பி வேலி போட்ட திடல் ஒன்று. உள்ளே ஆள் உயரத்தில் வால்வுகள் அடுக்கிய கிணற்றுத் தலை. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“இது ஓடுதுங்களா ஐயா?”

“அப்பப்ப லாரி வரும் தம்பி. எவ்வளவு ஆழம் போட்டாங்கன்னு கேட்டா மைல் கணக்குல சொல்றாங்க. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு யாரு கண்டா?”

பையிலிருந்து வரைபடத்தை எடுத்து, ஓரத்தில் நான் வரிசையாக எழுதியிருந்த அடுக்குகளைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். காரைக்கால். கமலாபுரம். பரங்கிப்பேட்டை. நன்னிலம். குடவாசல். புவனகிரி. சாத்தப்பாடி. ஆண்டிமடம். குடவாசலில் விரல் நின்றது.

“என் பொண்ணு குடுத்த ஊரு” என்றார். “அது எத்தனை அடியில இருக்கு?”